மரப்பட்டையில் ஒட்டியிருப்பது வண்டா, அந்துப்பூச்சியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில தமிழ்க் குடும்பங்களோடு சிங்கப்பூரின் டேரி ஃபார்ம், மெக்ரிட்சி காடுகள் பக்கம் நடக்கப் போவது என் வழக்கம். பாதி வழியில் யாராவது ஒரு மரத்தடியில் நின்று, கைப்பேசித் திரையில் எதையோ பெரிதாக்கிப் பார்த்து, "இது என்னங்க, மரப்பட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு?" என்பார்கள். பெரும்பாலும் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பட்டை நிறத்து நீளக்கொம்பு வண்டு. இல்லையென்றால் பட்டை நிறத்து அந்துப்பூச்சி. வீட்டுக்குப் போனதும் அதே படம் அதே கேள்விகளோடு வாட்ஸ்அப்பில் வரும். தனித்தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வண்டு, எந்த அந்துப்பூச்சி? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நீளக்கொம்பு வண்டுகளின் குடும்பத்துக்குச் செராம்பிசிடே என்று பெயர். உடம்பைவிட நீண்ட உணர்கொம்புகள்தான் பெரும்பாலும் அடையாளம். அதற்குள் லாமினே என்றொரு துணைக்குடும்பம் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் முகம் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும், கொஞ்சம் ஆட்டு முக ஜாடை. நான் இங்கே வண்டு என்பதெல்லாம் இந்த வகை. நம் காடுகளில் கண்ணில் படுபவற்றில் பல ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஊரில் மாந்தோப்பு வைத்திருந்தவர்களுக்குத் 'தண்டு துளைப்பான்' தெரிந்திருக்கும். அது இதே துணைக்குடும்பத்தின் தடித்த அண்ணன்.

அந்துப்பூச்சி, ஜியோமெட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. சிறகுகளை விரித்துப் பட்டையோடு பட்டையாக ஒட்டி உட்காரும். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு 'நிலம் அளப்பவர்' என்று பொருள். பூச்சியின் புழு நடக்கும் நடையைப் பார்த்து வைத்த பெயர் அது. வால் பக்கத்தைத் தலைக்கு அருகே இழுத்து, முதுகை வளைத்து, மறுபடி நீட்டி, சாண் போட்டு அளப்பது போல நடக்கும். நம்மவர்கள் அப்படி நடக்கும் புழுவுக்குக் காவடிப்புழு என்று பெயர் வைத்தார்கள். தைப்பூசத்தன்று தேங்க் ரோட்டில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். (ஊரில் ஆமணக்கு இலையைத் தின்னும் காவடிப்புழு வேறு குடும்பம். நடைதான் கிட்டத்தட்ட ஒன்று.)

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட நீளக்கொம்பு வண்டு இனங்கள் 35,000-க்கு மேல். ஜியோமெட்ரிடே அந்துப்பூச்சிகள் ஏறக்குறைய 23,000. ஆகவே மங்கலான படம் ஒன்றை அனுப்பி "சரியான பேர் சொல்லுங்க" என்றால் கையை விரித்துவிடுவேன். குடும்பம் வரைக்கும் சொல்கிறேன், அது போதும்.

வண்டு என்றால் பூவில் தேன் குடிப்பதுதானே?

அது பாட்டில் வரும் வண்டு. பழைய பாடல்களின் வண்டு, தும்பி, சுரும்பு எல்லாம் பெரும்பாலும் தேனீ வகையறா. இங்கே நாம் பேசுவது முன்சிறகு இரண்டும் கெட்டியான ஓடாக மாறிய பூச்சியைப் பற்றி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வரும் குழப்பம் இது.

இரண்டுமே பட்டை நிறத்தில் இருக்கின்றன. தூரத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

நிழலை வைத்து. நான் சொல்லித் தருவதில் உருப்படியான விஷயம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

நிறம் பொருந்திவிட்டால் மட்டும் ஒரு பூச்சி மறைந்துவிடாது. ஒரு பொருளுக்குக் கனம் இருந்தால் அதன் ஒரு பக்கத்தில் நிழல் விழும். பறவையின் கண்ணும் நம் கண்ணும் அந்த நிழலைப் பிடித்தே 'இங்கே ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது' என்று கண்டுகொள்ளும். ஆகவே மறைய நினைக்கும் பூச்சி நிழலுக்கு ஏதாவது வழி செய்தாக வேண்டும்.

அந்துப்பூச்சி நிழலையே ஒழித்துவிடுகிறது. நான்கு சிறகுகளையும் விரித்து, ஓரம் வரைக்கும் பட்டையில் அழுத்திக்கொள்கிறது. சுவரில் ஒட்டிய தபால்தலை மாதிரி. அதன் ஓரத்தில் மெல்லிய செதில் விளிம்பு ஒன்று குஞ்சம் போல இருக்கும். பட்டைக்கும் சிறகுக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச நஞ்ச இடைவெளியையும் அது மூடிவிடும். முன்சிறகில் ஓடும் அலைக்கோடுகள் பின்சிறகிலும் அப்படியே தொடரும். நான்கு தனித்தனிச் சிறகுகளை அடுக்கி வைத்து, மேலே ஒரே இழுப்பில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருக்கும். எங்கே ஒரு சிறகு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தட்டுப்படாது.

வண்டுக்கு இந்த வித்தை முடியாது. ஓடு போட்ட உடம்பு, உருண்டை, எப்படிப் படுத்தாலும் மேடு. அதனால் அது, நிழல் விழுந்தால் யாரும் சந்தேகப்படாத ஒன்றைப் போல வேஷம் போடுகிறது. ஒடிந்த கிளையின் மொட்டைக் காம்பு, மரத்தின் கணு, காய்ந்த பறவை எச்சம், கல்பாசித் துண்டு. கல்பாசி என்றதும் பிரியாணி மணம் வந்தால் தப்பில்லை. தேக்கா கடையில் வாங்கிப் பட்டை கிராம்போடு தாளிக்கிறோமே, அதுவும் மரத்தில் பச்சைச் சாம்பலாகப் படர்ந்திருக்கும் திட்டுகளும் ஒரே ஜாதி. வண்டின் முதுகில் இருக்கும் வெள்ளை, பச்சைச் சாம்பல் புள்ளிகள் பல சமயம் இந்தத் திட்டுகளைத்தான் பார்த்து வரைந்தாற்போல் இருக்கும்.

சுருக்கமாக, பட்டையில் ஒரு வரைபடம் தெரிந்தால் அந்துப்பூச்சி, ஒரு கட்டி தெரிந்தால் வண்டு.

அப்புறம் அந்த நீளக் கொம்புகள். மறைந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கும் சமாச்சாரம் அதுதான். வண்டுக்கும் அது தெரியும் போலிருக்கிறது. சில இனங்கள் இரண்டு கொம்புகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கிளை ஓடும் திசையிலேயே முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும். வேறு சில உடம்போடு ஒட்டிப் பின்னால் படியவிடும். ஆகவே கிளையில் ஒரு கணுவும், அதிலிருந்து கிளம்பும் ஒரு மயிரிழைக் கோடும் கண்டால் நின்று பாருங்கள்.

இவ்வளவு பேசுகிற நானே ஒரு முறை பத்து நிமிடம் ஒரு கூட்டத்தையே நிறுத்தி, "பாருங்கள், எவ்வளவு அழகான வண்டு, அசையவே இல்லை" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தொடக்கநிலை 4 படிக்கும் பையன் ஒருவன் மெல்லச் சொன்னான், "அங்கிள், அது மரம். வண்டு அதுக்கு மேல ரெண்டு விரல் தள்ளி இருக்கு." அவன் சொன்னது சரி.

நிறம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் உண்டாகிறதா?

இல்லை. அந்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் மாவு ஒட்டுகிறதல்லவா, அந்த மாவின் ஒவ்வொரு துகளும் ஒரு செதில். கூரையில் ஓடு வேய்ந்தது போலச் சிறகு முழுக்க அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலுக்கும் தனி நிறம். ஆயிரக்கணக்கான செதில்கள் சேர்ந்துதான் கோடும் புள்ளியும். செதில் உதிர்ந்தால் அந்த இடத்தில் சிறகு கண்ணாடி போலத் தெரியும்.

நம் வண்டின் நிறமோ பெரும்பாலும் மயிரில் இருக்கிறது. ஓட்டின் மேல் படிந்திருக்கும் பொடி மயிர்கள், சில இடத்தில் அடர்த்தி, சில இடத்தில் வழுக்கை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் பழைய வெல்வெட் துணி போல இருக்கும். வயதான வண்டுகளின் தோள்பட்டையில் இந்த மயிர் தேய்ந்து, அடியிலிருக்கும் கருப்பு ஓடு பளபளக்கும். நாள்பட்ட வேஷத்தில் சாயம் போன இடம்!

தனக்குப் பொருத்தமான இடத்தை அதுவாகத் தேர்ந்தெடுக்கிறதா, இல்லை குருட்டு அதிர்ஷ்டமா?

இதைத் தென்கொரியாவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இதே ஜியோமெட்ரிடே குடும்பத்து அந்துப்பூச்சிகள் பட்டையில் வந்து உட்கார்ந்த பிறகு என்ன செய்கின்றன என்று கவனித்தார்கள். பல பூச்சிகள் முதலில் இறங்கிய இடத்திலேயே இருந்துவிடவில்லை. கொஞ்சம் நடந்து, உடம்பைத் திருப்பி, அப்புறம்தான் அமைதியாயின. அவை இறங்கிய நிலையையும் கடைசியாக அமர்ந்த நிலையையும் படமெடுத்து மனிதர்களிடம் தேடச் சொன்னபோது, கடைசி நிலையில் இருந்ததைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. சிறகுக் கோடும் பட்டையின் வெடிப்புக் கோடும் ஒரே திசையில் ஓடும்படி திருப்பிக்கொள்வதில் அவ்வளவு பலன்.

நீங்களும் பார்க்கலாம். விடிகாலையில் ஓர் அந்துப்பூச்சி மரத்தில் இறங்கினால் உடனே கிட்டே போகாதீர்கள். அரை நிமிடம் விடுங்கள். அது லேசாக ஆடி ஆடிச் சிறகை அழுத்திப் படியவைப்பதைக் காணலாம். பாயை விரித்துவிட்டுச் சுருக்கம் நீவுவது போல.

கோடுகள் பட்டையின் கோட்டோடு பொருந்தாவிட்டால்?

அப்போதும் பயன் உண்டு, கோடு ஓரத்தை வெட்டிப் போவதாக இருந்தால். 2005-இல் இங்கிலாந்தில் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முக்கோணமாக வெட்டிய காகிதத்தை அந்துப்பூச்சியாக வைத்து, நடுவே செத்த மாவுப்புழு ஒன்றை உடம்பாகப் பொருத்தி, ஓக் மரங்களில் குத்தி வைத்தார்கள். எல்லாக் காகிதத்திலும் பட்டையை ஒத்த நிறங்கள்தான். சிலவற்றில் திட்டுகள் ஓரத்தைத் தொட்டு வெட்டின. சிலவற்றில் அதே திட்டுகள் உள்ளே தள்ளி இருந்தன. பறவைகள் அதிகம் விட்டுவைத்தது ஓரத்தில் திட்டு இருந்தவற்றை. வடிவத்தின் விளிம்பு உடைந்துபோனால் கண்ணுக்கு முக்கோணமே தெரிவதில்லை.

ஆகவே கைப்பேசியில் படம் எடுக்கும்போது நடு முதுகைப் பார்ப்பதைவிட ஓரத்தைப் பாருங்கள். வேலை அங்கேதான் நடந்திருக்கிறது.

வண்டுப் புழுவும் இப்படி வேஷம் போடுமா?

போடாது. வெள்ளை வெளேர் என்று இருக்கும். காரணம் எளிது, அதை யாரும் பார்ப்பதில்லை.

தாய் வண்டு பட்டையில் பல்லால் ஒரு கீறல் போட்டு அதற்குள் முட்டையை வைக்கும். பொரிந்த புழு மரத்துக்குள்ளேயே துளைத்துத் தின்று வளரும். பெரிய இனங்களில் இதற்கு ஒரு வருடமோ மேலுமோ ஆகும். கூட்டுப்புழு ஆவதும் உள்ளேயே. வளர்ந்து ஓடு கெட்டியான பிறகு வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும். செத்த மரத்தில் துரப்பணம் போட்டாற்போல் சுத்தமான வட்டத் துளை பார்த்திருப்பீர்கள், அதில் சில இந்த வண்டுகள் வெளியேறிய வாசல். ஆக, வாழ்நாளின் பெரும்பகுதி இருட்டறையில். வெளியே வந்த கடைசிச் சில வாரங்களுக்கு மட்டும்தான் மாறுவேடம் தேவை.

அந்துப்பூச்சியின் கதை நேர் எதிர். முட்டையிலிருந்து வந்த நாள் முதல் புழு திறந்த வெளியில், இலை மேலே, பறவைகளின் சாப்பாட்டு மேஜையில் வாழ வேண்டும். அதனால் புழுப் பருவத்திலேயே வேஷம் தொடங்கிவிடுகிறது. பல ஜியோமெட்ரிடே புழுக்கள் பார்ப்பதற்குக் குச்சி. சாதாரணக் கம்பளிப்புழுவுக்கு வயிற்றின் நடுவில் வரிசையாகப் போலிக்கால்கள் இருக்கும். இவற்றுக்குப் பெரும்பாலும் கடைசியில் இரண்டு ஜோடி மட்டும். நடுவே காலில்லாததால்தான் காவடி நடை. அதே காரணத்தால்தான் குச்சி வேஷமும் சாத்தியம். பின்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்வாக நீட்டி, விறைத்து நிற்கும். காற்றடித்தால் கிளையோடு சேர்ந்து ஆடும். சிலவற்றின் உடம்பில் இலை உதிர்ந்த தழும்பு மாதிரிப் புடைப்புகூட உண்டு.

இதில் ஒரு சங்கதி கேட்டால் நம்ப மாட்டீர்கள். இங்கிலாந்தில் உள்ள மிளகுப்புள்ளி அந்துப்பூச்சி இதே குடும்பம். அதன் புழு தான் இருக்கும் குச்சியின் நிறத்துக்கு ஏற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ வளரும். கண்ணால் பார்த்துத்தான் மாற்றிக்கொள்கிறது என்று நினைத்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வில் புழுக்களின் கண்களைக் கருப்புச் சாயத்தால் மூடிவிட்டார்கள். அப்போதும் நிறம் சரியாக மாறியது! தோலே நிறத்தை உணர்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு, உடுத்தியிருக்கும் சேலையின் நிறத்தைத் தோலால் சொல்லச் சொன்னால் நம்மால் முடியுமா?

அந்த மிளகுப்புள்ளிப் பூச்சிதானே புகையால் கருப்பாக மாறியது?

அதேதான், ஆனால் 'மாறியது' என்ற சொல்லில் கவனம் வேண்டும். பிள்ளைகள் அடிக்கடி தவறாக எழுதும் இடம் இது. தனிப் பூச்சி ஒன்று புகை படிந்து கருத்துவிடவில்லை. வெளிர் நிறப் பூச்சிகளுக்கு நடுவே பிறவியிலேயே கருப்பாக ஒன்றிரண்டு இருந்தன. 1848-இல் மான்செஸ்டர் பகுதியில் அப்படி ஒன்று பதிவானது. ஆலைப் புகையில் கல்பாசி செத்து மரங்கள் கருத்தபோது வெளிர் பூச்சி பறவைக்குப் பளிச்சென்று தெரிந்தது, கருப்பு தப்பித்தது, தப்பித்தது குட்டி போட்டது. 1895 வாக்கில் அங்கே 98 விழுக்காடு கருப்பு. பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைய, கருப்பும் படிப்படியாகக் குறைந்தது.

(பூச்சி குட்டி போடாது, முட்டை இடும். பேச்சு வாக்கில் வந்துவிட்டது, இருக்கட்டும்.)

சிங்கப்பூரில் அந்தப் பூச்சி கிடையாது. அதன் உறவினர்கள் உண்டு.

மறைந்திருந்தும் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்யும்?

இரண்டையும் பிரித்தறிய இதுவும் நல்ல வழி. கண்டுபிடிக்கப்பட்ட அந்துப்பூச்சி பறக்கும், வண்டு விழும்.

வண்டு பிடியை விட்டுவிட்டுக் காலை மடக்கிக் கீழே உதிரும். சருகுக்குள் விழுந்தபின் செத்தது போல அப்படியே கிடக்கும். குனிந்து தேடுவது வீண்வேலை, அனுபவத்தில் சொல்கிறேன். ஏதோ ஒன்றிடம் அகப்பட்டுக்கொண்டால் கத்தும். உண்மையாகவே. கழுத்துப் பகுதியைக் கீழும் மேலும் ஆட்டி, உள்ளே இருக்கும் வரிவரியான தகட்டில் உராய்த்து, எண்ணெய் போடாத கதவுக்கீல் மாதிரி ஒரு 'கிறீச்' சத்தம் எழுப்பும். முதல் முறை கேட்பவர்கள் கையை உதறிவிடுவார்கள். சத்தத்தின் நோக்கமும் அதுதானே.

அந்துப்பூச்சி கிளம்பிப் போய் அடுத்த மரத்தின் மறுபக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வேறு குடும்பத்துப் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சிகள் இன்னும் ஒரு படி மேல். உட்கார்ந்திருக்கையில் காய்ந்த இலை, விரட்டினால் உள்ளே மறைத்து வைத்திருந்த ஆரஞ்சுப் பின்சிறகு தீப்பொறியாக விரியும். துரத்தும் பறவை ஆரஞ்சையே தேடிக்கொண்டு போகும். பூச்சி உட்கார்ந்ததும் ஆரஞ்சு மாயம், மறுபடி காய்ந்த இலை.

இரவில் கதை வேறு. வௌவாலுக்கு நிற வேஷம் ஒன்றும் புரியாது, அது எதிரொலியைக் கேட்டு வேட்டையாடுகிறது. அதற்காக ஜியோமெட்ரிடே பூச்சிகளுக்கு வயிற்றின் அடிப்பகுதியில் காது இருக்கிறது. வௌவாலின் ஒலி கேட்டதும் திசை மாறும், சில சமயம் தடாலென்று கீழே விழும்.

சிங்கப்பூரில் எங்கே, எப்போது பார்க்கலாம்?

புக்கிட் தீமா, டேரி ஃபார்ம், மெக்ரிட்சி, லோயர் பியர்ஸ். காடு உள்ள எல்லா இடமும் சரிதான். நேரம்தான் முக்கியம், காலை 7 மணியிலிருந்து 8.30 வரை. இரவு முழுக்க விளக்கு எரிந்த கழிப்பறைச் சுவர், கூரையுள்ள ஓய்விடம், பாதை ஓர விளக்குக் கம்பம் இவற்றை முதலில் பாருங்கள். வெள்ளைச் சுவரில் அந்துப்பூச்சியின் வேஷம் செல்லாது, அப்பட்டமாகத் தெரியும். வடிவத்தை அங்கே கண்ணுக்குப் பழக்கிக்கொண்டு பிறகு மரத்துக்குப் போனால் சுலபம். கழிப்பறை வாசலில் நின்று சுவரைப் படம் எடுப்பது சங்கடம்தான். நான் மனைவியையும் கூட நிறுத்திக்கொள்வேன்.

வண்டுக்கு, சமீபத்தில் விழுந்த மரம் தேடுங்கள். புயல் மழையில் சாய்ந்து இலை இப்போதுதான் வாடத் தொடங்கியிருக்கும் மரம் என்றால் அதிர்ஷ்டம். முட்டையிட வரும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1854-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சிங்கப்பூர் வந்து புக்கிட் தீமாவில் ஒரு பாதிரியாரோடு தங்கினார். அந்தக் காலத்தில் அங்கே சீன மரவெட்டிகள் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட மரம், பட்டை, மரத்தூள் எல்லாம் வண்டுகளுக்கு விருந்து. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அவர் சேர்த்த வண்டு இனங்கள் சுமார் 700. அதில் நீளக்கொம்பு வண்டு மட்டும் 130. ஏறக்குறைய எல்லாமே ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில்! புலி பிடிக்கத் தோண்டிய குழிகளில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு நடந்திருக்கிறார். நமக்கு அந்தக் கவலை இல்லை, வழுக்கும் படிக்கட்டு மட்டும்தான். டேரி ஃபார்மில் அவர் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. அங்கே நடந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கைத் தேடி ஏன் வருகின்றன?

விளக்கில் விழும் விட்டிலைக் காதலுக்கும் பேராசைக்கும் உவமை சொல்லியே பழகிவிட்டோம். 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று காதல் எல்லாம் இல்லை என்கிறது. இரவில் பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்கும். காலங்காலமாக வெளிச்சம் என்றால் வானம், வானம் என்றால் மேல்பக்கம். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் முதுகை அதன் பக்கம் சாய்க்கும், சாய்ந்ததால் வளைந்து திரும்பும், திரும்பி மறுபடி சாயும். விளக்கைச் சுற்றிச் சிக்கிக்கொண்டு சுற்றுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் புளோக் தாழ்வாரத்தில் உள்ளங்கை அளவு பழுப்புப் பூச்சி வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி விரட்டாதே, இறந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்றார். அதுவும் இந்த வகைதானா?

பழுப்புச் சிறகில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைப் பட்டையும், பின்னால் வாலும் இருந்தால் அது லிசா ஸாம்பா. ஜியோமெட்ரிடேக்கு ஒன்றுவிட்ட உறவு. மே முதல் ஆகஸ்ட் வரை தலைகாட்டும். 2014-இல் தீவு முழுக்கத் திரளாக வந்து ஊரே பேசியது. கடிக்காது, கொட்டாது. இரவில் தாழ்வார விளக்கில் வழி தவறி நின்றிருக்கும். ஆன்ட்டி சொன்னபடி விரட்டாமல் விட்டதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.

இவை வீட்டு மரச்சாமானையும் பட்டுச்சேலையையும் தின்னுமா?

தின்னாது. காட்டு அந்துப்பூச்சியின் புழு இலை தின்னும். நம் நீளக்கொம்பு வண்டுக்குக் காட்டு மரம். உங்கள் சோபா அதன் பட்டியலில் இல்லை.

ஆனால் வீட்டில் ஒரு மறைந்து வாழும் அந்துப்பூச்சி நிச்சயம் இருக்கும், நீங்கள் அதைப் பூச்சி என்று எண்ணியிருக்க மாட்டீர்கள். குளியலறைச் சுவரில், அலமாரிக்குப் பின்னால், பூசணி விதை வடிவத்தில் சிமெண்ட் நிறத்தில் ஒரு சின்னப் பை ஒட்டியிருக்கிறதா? அது ஒரு புழுவின் வீடு. உங்கள் வீட்டுத் தூசி, மணல், நூல் எல்லாவற்றையும் பட்டு இழையால் ஒட்டித் தானே தைத்த சட்டை. இரண்டு முனையிலும் வாசல், எந்தப் பக்கமும் தலையை நீட்டலாம். உதிர்ந்த தலைமுடி, பழைய சிலந்தி வலை, கம்பளி இழை இவைதான் உணவு. பை வைத்திருப்பவரின் வீடு எவ்வளவு தூசி என்பதற்கும் அதுவே சாட்சி. எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அதனால் மேற்கொண்டு பேசவில்லை.

பிள்ளையின் அறிவியல் பாடத்துக்காக ஒன்றைப் பிடித்து வரலாமா?

வேண்டாம். இயற்கை வனப்பகுதிகளிலிருந்து தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எந்த உயிரையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம், பூச்சியும் சேர்த்துத்தான். வாழ்க்கைச் சுழற்சி பாடத்துக்கு மாவுப்புழுவே போதும், கடையில் கிடைக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்ற நான்கு கட்டமும் வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும் ஒன்றுதான்.

கைப்பேசியில் எடுத்தால் வெறும் மரம்தான் தெரிகிறது. என்ன செய்ய?

நேருக்கு நேர் ஃபிளாஷ் போட்டால் நிழல் செத்துவிடும், பூச்சியும் மரத்தோடு போய்விடும். கூட வந்தவரிடம் இன்னொரு கைப்பேசியைக் கொடுத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில், மரத்தை உரசுகிற மாதிரிச் சாய்வாக அடிக்கச் சொல்லுங்கள். வண்டு என்றால் நீளமாக நிழல் விழுந்து எழுந்து நிற்கும். அந்துப்பூச்சி என்றால் சிறகோரம் மட்டும் மயிரிழையாகத் தெரியும், அதுகூடச் சில சமயம் தெரியாது. வெளிச்சத்தை நிறைய நேரம் அடிக்காதீர்கள், நாலு படம் போதும்.

பிறகு ஒரு படம் தள்ளி நின்று எடுங்கள், மரம் முழுக்கத் தெரியும்படி. எனக்கு அனுப்புவதென்றால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். போன மாதம் ஒருவர் கிட்டத்துப் படம் மட்டும் அனுப்பி, மூன்று நாள் என்னை வண்டு இனம் தேட வைத்தார். நான்காம் நாள் தள்ளி எடுத்த படமும் வந்தது. அது மரத்தில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம்.